ஃபாஸ் நகரின் முற்றமும் நம் கடற்கரைப் பனந்தோப்பும்

அரபு மொழியில் தங்கும் விடுதிக்கு 'ஃபுன்துக்' என்று பெயர். அகராதி புரட்டும் மதரஸா மாணவன் அதனைத் தூய அரபுச் சொல் என்றே எண்ணுவான். ஆயினும் அதன் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. 'எல்லாரையும் ஏற்பது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையே அரபுகள் ஏற்று 'ஃபுன்துக்' என வழங்கினர். அவர்களிடமிருந்து இத்தாலிய வணிகர் அதனைப் பெற்று 'ஃபொண்டாகோ' என்றனர். இவ்வாறு வழிப்போக்கர் தங்கும் வீட்டின் பெயரே நாடு விட்டு நாடு சென்று தங்கியிருக்கிறது.

விருந்தினரை அரபியில் 'ளைஃப்' என்பர். 'சாய்தல், ஒரு பக்கம் திரும்புதல்' என்பது அதன் வேர்ப்பொருள். தன் வழியை விட்டு நம் வாசல் பக்கம் திரும்பியவர் எவரோ அவரே ளைஃப். நஹ்வு இலக்கணத்தில் ஒரு பெயரோடு மற்றொரு பெயரைச் சார்த்துவதை 'இளாஃபத்' என்றும், சார்ந்து நிற்பதை 'முளாஃப்' என்றும் ஓதுகிறோமே, அச்சொற்களும் இவ்வேரிலிருந்து கிளைத்தவைதாம். நம் தமிழிலோ 'விருந்து' என்னும் சொல்லுக்குப் 'புதுமை' என்பதே பழம்பொருள். ஒரு மொழி வந்தவரின் சார்பை நோக்கிப் பெயரிட்டது. மற்றொரு மொழி அவருடைய புதுமையை நோக்கிப் பெயரிட்டது.

இவ்விரு மொழி மக்களும் வழிப்போக்கரை எவ்வாறு ஏற்றனர் என்பதற்கு வரலாற்றில் நல்லதொரு சான்று இருக்கிறது. மக்ரிப் எனப்படும் மொராக்கோ நாட்டில் பிறந்து, நம் சோழமண்டலக் கரையில் விருந்தாளியாய் இறங்கிய இப்னு பதூதாவின் பயண நூலே அது. அதனை விளங்கிக்கொள்ள, முதலில் அவருடைய நாட்டு விடுதி எப்படிப்பட்டது என்று காண்போம்.

மொராக்கோவின் பழம்பெரும் கல்வி நகரம் ஃபாஸ். இத்ரீஸிய மன்னர்கள் எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதனை நிறுவினர். ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்னும் பெருமாட்டி கி.பி. 859இல் எழுப்பிய கரவிய்யீன் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. மதில் சூழ்ந்த அப்பழைய நகரை 1981ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் சந்துகளில் இன்றும் மோட்டார் வண்டி செல்ல இயலாது. கோவேறு கழுதைகள் சுமை சுமக்கின்றன.

அந்நகரில் 'ரியாள்' என்றொரு வகை வீடு உண்டு. 'தோட்டங்கள்' என்பது அச்சொல்லின் பொருள். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு உயர்ந்த வெறுஞ்சுவரும் தாழ்ந்த கதவும் மட்டுமே தெரியும். வீதியை நோக்கிய சன்னல் அரிது. கதவைக் கடந்தாலும் முற்றம் உடனே கண்ணில் படாது. இடைகழி ஒரு முறை வளைந்து சென்ற பின்னரே தோன்றும். நடுவில் நீரூற்று, அதனைச் சுற்றி மரங்கள், சுவர்களில் 'ஸெல்லீஜ்' எனப்படும் வண்ண ஓட்டுச் சில்லுகளின் கோலம், மேலே தேவதாரு மரத்துச் செதுக்கு வேலை என எல்லா அழகும் உள்ளேயே இருக்கும். வீட்டுப் பெண்டிரின் மறைவைக் காப்பதும் வெயிலைத் தடுப்பதும் இவ்வமைப்பின் நோக்கங்கள்.

1912இல் பிரெஞ்சு ஆட்சி வந்த பிறகு மதிலுக்கு வெளியே புதிய நகரம் எழுந்தது. வசதி படைத்த குடும்பங்கள் பல அங்கே குடியேறின. பழைய வீடுகள் பல, அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டன. சென்ற நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவற்றிற் பல செப்பனிடப்பட்டுச் சிறு விடுதிகளாக மாறியுள்ளன. இன்று மொராக்கோ செல்லும் பயணி பழைய நகரத்து வீட்டில் தங்கி, முற்றத்து ஊற்றருகே புதினாத் தேநீர் அருந்துவது இவ்வாறு வந்த வழக்கமே.

ஆனால் பண்டைக் காலத்தில் அயலூரார் தங்கியது ரியாளில் அன்று; ஃபுன்துக்கில்தான். முற்றத்தைச் சுற்றிய மாடிக் கட்டடம் அது. கீழ்த்தளத்தில் கழுதைகளும் சரக்கும் இருக்கும். மேல்தளங்களில் வணிகர் தங்குவர். கிரனாடாவில் பிறந்து ஃபாஸில் வளர்ந்த அல் ஹஸன் அல் வஸ்ஸான், 1526இல் முடித்த தம் ஆப்பிரிக்க வருணனை நூலில், அந்நகரில் ஏறத்தாழ 200 விடுதிகள் இருந்ததாகக் குறிக்கிறார். விடுதிக்காரர் கட்டிலும் தரமாட்டார், உணவும் தரமாட்டார். பாயும் முரட்டுப் போர்வையும் கிடைக்கும். உண்ண வேண்டுமாயின், கடையில் பொருள் வாங்கி வந்து சமைக்கக் கொடுக்க வேண்டும்.

இது நமக்குப் புதுமையன்று. நம் நாட்டுச் சத்திரங்கள் பலவற்றிலும் வழிப்போக்கர் இடம் மட்டும் பெற்றுத் தம் அரிசியைத் தாமே பொங்கி உண்டனர். சோறிட்ட சத்திரங்களும் இருந்தன. மதுரையில் இராணி மங்கம்மாளின் பெயரையும், ஒரத்தநாட்டில் முத்தாம்பாளின் பெயரையும் இன்றுவரை வாழ வைத்திருப்பவை சத்திரங்களே அல்லவா?

ஒரு வேற்றுமை மட்டும் கருதத்தக்கது. மக்ரிபின் வீடு வீதிக்கு ஒன்றும் தருவதில்லை. கதவு திறந்தால் முற்றம் முழுவதையும் தருகிறது. நம் வீடோ முற்றத்தை உள்ளே வைத்துக்கொண்டு, திண்ணையை வீதிக்கு விட்டுவிடுகிறது. யாரென்று கேளாமலே களைத்தவர் அமரலாம், இரவில் படுக்கலாம். வீட்டாரின் மறைவும் காக்கப்பட வேண்டும், வழிப்போக்கரின் களைப்பும் தீர வேண்டும் என்னும் ஒரே கேள்விக்கு இரு நாட்டுக் கொத்தர்கள் தந்த இரு விடைகள் இவை.

இனி இப்னு பதூதாவிடம் வருவோம். ஹிஜ்ரி 703இல், அதாவது கி.பி. 1304இல், தன்ஜா நகரில் பிறந்த அவர், 1325ஆம் ஆண்டில் தமது 21ஆம் வயதில் ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டார். தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் எதிர்கொண்டு வந்து, உடன் வந்தவர்களுக்கெல்லாம் ஸலாம் உரைத்தனர். இவரை அறிந்தவர் அங்கு எவருமிலர். துயரம் தாளாமல் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகே வந்து, ஸலாம் கூறி, பேச்சுக் கொடுத்தபடியே நகருக்குள் அழைத்துச் சென்றார். அன்று ஒரு மதரஸாவில் தங்கினார் அவ்விளைஞர். ஏறத்தாழ முப்பதாண்டுகள் உலகைச் சுற்றியவரின் பயணம், ஒருவர் சொன்ன ஸலாத்தால் நிலைபெற்றது.

அதன் பின் அவர் தங்காத இடமில்லை. அனத்தோலியாவில் 'அகீ' எனப்படும் இளைஞர் குழுக்கள் இரண்டு, இவரை யார் விருந்தினராகக் கொள்வது என்று கத்தி உருவும் அளவுக்குச் சச்சரவிட்டன. வந்தவர்கள் கள்வர் போலும் என்று இவர் அஞ்சினாராம்! இறுதியில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தனர். மலையாளக் கரையில் அரை மைலுக்கு ஒரு மர மண்டபமும் கிணறும் கண்டார். எந்தச் சமயத்தாரும் அமரலாம். நீர் வார்க்க ஓர் ஆள் இருந்தார். முஸ்லிம்களின் கையில் நீரை ஊற்றுவாரேயன்றிப் பாத்திரத்தைக் கொடுக்கமாட்டார் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். ஊர்தோறும் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் சமைத்துப் பரிமாறின. அவர்கள் இல்லையேல் அவ்வழியில் முஸ்லிம்கள் பயணம் செய்திருக்க முடியாது என்பது அவர் கருத்து.

1344ஆம் ஆண்டளவில் அவர் இலங்கையிலிருந்து நம் கரை நோக்கிக் கப்பலேறினார். காற்று கடுமையாகியது, கப்பல் கரைக்கு அருகே சிக்கிக்கொண்டது. தம்மவர் சிலரை முன்னே அனுப்பிவிட்டு, இரவு முழுதும் கப்பலின் பின்புறத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் கரையிலிருந்த மக்கள் படகில் வந்து மீட்டனர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அவரைக் காட்டுக்கு அழைத்துச் சென்று, பனை போன்றதொரு மரத்தின் பெரிய பழத்தைக் கொணர்ந்தனர். அதன் உள்ளே பஞ்சு போன்ற நாரும் தேன் போன்ற இனிப்பும் இருந்தன என்றும், அதிலிருந்து 'தால்' என்னும் பண்டம் செய்கின்றனர் என்றும் அவர் வருணிக்கிறார். நம் வாசகர்க்கு இதற்கு உரை வேண்டுமா? பனம்பழத்தைப் பிசைந்து நாரைச் சப்பிய தமிழ்ப் பிள்ளை எவரும் உடனே அறிந்துகொள்வர். அதனோடு நல்ல மீனும் பரிமாறினர். மூன்று நாட்கள் அங்கே கழிந்தன. பிறகு மதுரை சுல்தான் கியாஸுத்தீனின் அமீர் ஒருவர் குதிரைகளோடும் பல்லக்கோடும் வந்து அழைத்துச் சென்றார்.

மக்ரிபின் ஃபகீஹுக்கு நம் மண்ணில் கிடைத்த முதல் விடுதி, சுவரும் கதவும் அற்ற அத்தோப்புத்தான். அவர் அவ்விடத்தின் பெயரைக் குறிக்கவில்லை. அது எந்த ஊராயினும் ஆகுக. அவ்விருந்தின் மணம் நம் கடற்கரை முழுவதற்கும் உரியது. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசத்தின் வழியே மரக்காணம் செல்வோர் இன்றும் பனைகளைக் காண்பர். அப்பால் உப்பளங்களைக் காண்பர். சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. நல்லியக்கோடனைத் தேடிச் செல்லும் பாணர்க்கு, அப்பட்டினத்து நுளையர் சுட்ட மீன் கொடுத்து உபசரிப்பர் என்கிறது அந்நூல். உடன் தரும் தேறல் நமக்கு ஆகாதது. அதை நீக்கிவிட்டு மீனையும் மனத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். வழிநடப்பவர்க்கு இன்ன ஊரில் இன்னார் சோறிடுவர் என்று வழிகாட்டுவதற்கே 'ஆற்றுப்படை' என்றோர் இலக்கிய வகை கண்ட மொழி நம்முடையது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து அரபு நாட்டுப் பயணி அதே கரையோரத்தில் பெற்றதும் மீனே!

அடுத்து நடந்ததையும் சொல்லியாக வேண்டும். சுல்தான் கியாஸுத்தீன் இவருடைய உறவினர். இருவரும் மதுரையின் முதல் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸனின் மக்களை மணந்தவர்கள். பாசறையில் வரவேற்பும் கூடாரமும் கிடைத்தன. ஆனால் ஒரு நாள் உணவு வேளையில், வலப்பக்கம் காஜியும் இடப்பக்கம் இவரும் அமர்ந்திருக்க, கைதி ஒருவரை அவர் மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொணர்ந்தனர். சுல்தான் உண்டுகொண்டே சைகை காட்டினான். மூவரும் கண்முன்னே வெட்டுண்டனர். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண்களையும் குழந்தைகளையும் கொல்லும் இச்செயல் எந்த அரசனிடமும் காணாத இழிசெயல் என்றும், அதனாலேயே இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதி வைத்தார்.

நம்மவன் ஆண்டான் என்பதற்காக நாம் இப்பக்கத்தைக் கிழித்துவிடக் கூடாது. உறவினர், அதே சமயத்தவர், அதே மேசையில் உண்டவர் ஆகிய அந்த ஆலிமே உண்மையை மறைக்கவில்லை. போரிலும் பெண்களையும் சிறுவரையும் கொல்லலாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தது அவருக்குத் தெரியும். கலிமா அறியாத கடற்கரை மக்கள் பனம்பழம் கொடுத்து விருந்தின் சட்டத்தைக் காத்தனர். அதனை அறிந்த மன்னனோ தன் ஸுஃப்ராவில் இரத்தம் சிந்தினான். இவ்விரு விருந்துகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பதே அந்நூலை நாம் படிக்க வேண்டிய முறை.

விருந்தினர்க்கும் கடமை உண்டு. காஜியாக வைத்துப் போற்றிய மாலத்தீவின் மீது படையெடுக்க இதே சுல்தானோடு ஆலோசித்தவர் இப்னு பதூதா! உண்ட வீட்டுக்கு அது நன்றியாகாது. கொள்ளைநோய், காய்ச்சல் முதலியன குறுக்கிட, அத்திட்டம் கைகூடவில்லை. பின்னர்க் கடற்கொள்ளையர் உடுத்த கால்சட்டை தவிர யாவற்றையும் பறித்துக்கொள்ள, கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலில் நுழைந்தார். ஒரு ஃபகீஹ் ஆடை அனுப்பினார். காஜி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் ஆடை தந்தார். ஹிஜ்ரி 756இல், கி.பி. 1355இல், ஃபாஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இப்னு ஜுஸய் இவற்றையெல்லாம் நூலாக்கியபோது, நம் பனம்பழமும் அரபு இலக்கியத்தில் இடம்பெற்றது.

இவற்றால் நாம் அறிவது யாது? வழிப்போக்கரை ஏற்பது தயவு அன்று, அவருக்குள்ள உரிமை. திருமறை, ஸகாத்துக்குரிய எட்டு வகையினருள் 'இப்னுஸ் ஸபீல்' என்னும் வழிப்போக்கரையும் வைத்திருக்கிறது. ஊரில் செல்வராயினும் வழியில் கையற்றவராயின் அவர்க்கு அதில் பங்குண்டு. விருந்து மூன்று நாள், அதற்கு மேல் தருமம் என்று நபிமொழி வரையறுக்கிறது. அவ்வரையறை விருந்தினரையும் காக்கிறது, விருந்தளிப்போரையும் காக்கிறது.

நம் முன்னோர் இதனை உணர்ந்தே பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் ஒட்டி முஸாஃபிர் கானாக்களை வக்ஃபு செய்தனர். அவற்றிற் சில கடைகளாகி வாடகை ஈட்டுகின்றன. சில திருமண மண்டபங்களாகிவிட்டன. சிலவற்றில் பூட்டுத் தொங்குகிறது. புது வீடுகளில் திண்ணை மறைந்து இரும்புக் கதவு வந்துவிட்டது. வழிப்போக்கர் மட்டும் மறையவில்லை. நோயாளியோடு பெரிய மருத்துவமனைக்கு வந்து நடைபாதையில் படுத்திருக்கும் குடும்பத்தைப் பாருங்கள். தேர்வெழுத வந்த ஏழை மாணவியைப் பாருங்கள். வடநாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்து, மொழியறியாமல் பேருந்து நிலையத்தில் விழிக்கும் இளைஞனைப் பாருங்கள். தூனிஸ் நகரில் அழுத இளைஞர் இவர்கள்தாம்.

வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனை, ஷரீஅத்தின் வாசகத்தைப் போன்றே பேணத்தக்கது என்பது ஃபிக்ஹு நூலோர் வகுத்த விதி. ஆதலின் ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் தன் பழைய வக்ஃபுப் பத்திரங்களை எடுத்து ஒரு முறை படிக்கட்டும். 'முஸாஃபிர்களுக்கு' என்று எழுதிய இடம் எதுவாயினும், அதில் ஓர் அறையேனும் அவர்களுக்கெனத் திறக்கப்படட்டும். ஒரு பாய், ஒரு குடம் நீர், எந்தச் சமயத்தவராயினும் மூன்று நாள் தங்கலாம் என்னும் ஓர் அறிவிப்பு, இவை போதும், செலவு பெரிதன்று.

வந்தவரின் முகம் வாடாமல் ஏற்கும் மனத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.