தானே நடத்தக் கூடாத ஆணையம்: 178ஆம் பிரிவு குறித்த மறுவாசிப்பு

அமெரிக்க மாநிலங்களின் தொண்டுப்பணி ஆணையங்களை, வாஷிங்டனிலிருந்து வரும் பணத்தை வாங்கி உள்ளூர் அமைப்புகளுக்குப் பிரித்தனுப்பும் தபால் நிலையமாகவே ஆய்வாளரில் ஒரு சாரார் காண்கின்றனர். அவர்களுக்கு முதன்மைச் சான்று, 1993ஆம் ஆண்டின் தேசிய, சமுதாயத் தொண்டு நிதியச் சட்டம் கொண்டுவந்த 178ஆம் பிரிவு. கூட்டரசின் தொண்டுப்பணித் திட்டமான அமெரிக்கார்ப்ஸின் நல்கை பெறும் எந்தத் திட்டத்தையும் ஆணையம் நேரடியாக நடத்தலாகாது என்கிறது அது. கையைக் கட்டிப்போட்ட பிறகு அந்த அமைப்பு எதைத்தான் சாதிக்கும் என்பது அவர்கள் கேள்வி. அதே விதியை நான் நேர்மாறாகப் படிக்கிறேன்: தடைதான் ஆணையத்துக்கு வலுவூட்டுகிறது.

தடையை மட்டும் தனியே பிய்த்தெடுத்துப் படிப்பதில்தான் கோளாறு. அதே பிரிவு வேறு என்ன சொல்கிறது? வாக்குரிமை கொண்ட உறுப்பினர் 15 முதல் 25 பேர், நியமிப்பவர் ஆளுநர். ஆனால் ஒரே கட்சியினர் பாதிக்கு மேல் ஒருவரைத் தாண்டலாகாது. மாநில அரசு அலுவலர்கள் கால் பங்குக்கு மிகலாகாது. தொழிற்சங்கம், வணிகம், உள்ளாட்சி ஆகியவற்றோடு 16 முதல் 25 வயதுக்குட்பட்ட ஒருவருக்கும் இடம் உண்டு. தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இவை அனைத்துக்கும் பின்னால் இருப்பது ஒரே அச்சம்: கூட்டரசின் பணத்தில் ஆளுநர் தம் பெயரில், தம் ஆட்களைக் கொண்டு ஒரு திட்டத்தை ஓட்டிவிடக் கூடாது. நேரடியாக நடத்தலாகாது என்ற தடை இந்த வரிசையின் கடைசிக் கண்ணி. நல்கைக்குத் தானே போட்டியிடும் அமைப்பு மற்றவர் விண்ணப்பங்களை நடுநிலையோடு எடைபோட முடியாதல்லவா?

இது என் விருப்பத்துக்கேற்ற வாசிப்பு எனலாம். 2009ஆம் ஆண்டின் எட்வர்ட் கென்னடி சட்டம் அந்த ஐயத்தைப் பெருமளவு போக்குகிறது. அது உருவாக்கிய தன்னார்வலர் பெருக்க நிதியின் வாசகம், மாநில ஆணையம் தன்னார்வத் திட்டங்களை நேரடியாக நடத்தலாம், அல்லது துணைநல்கை வழங்கலாம் என்று வெளிப்படையாகவே இசைவு தருகிறது. அதே சட்டம் 178ஆம் பிரிவிலும் கைவைத்தது. தடையை மட்டும் தொடவில்லை. எங்கே நடத்த விட வேண்டும், எங்கே விடக் கூடாது என்று சட்டமியற்றியோர் பிரித்தறிந்தே எழுதினர் என்று கொள்வதே பொருத்தம். வாசகங்களின் ஒப்பீட்டிலிருந்து பெறப்படும் முடிவு இது என்பதையும், அவையின் உள்நோக்கத்துக்கு நேர்ச்சான்று ஆகாது என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் தடையை அலட்சியத்தின் விளைவாகக் காட்டும் வாதம் இதன் முன் நிற்காது.

நடத்தாத ஆணையம் செய்யும் வேலை காகிதங்களில் கிடக்கிறது. ஆய்வாளர் கண்ணில் படாததற்கு அதுவும் ஒரு காரணம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் சிறிய அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே பணிபுரியும் அமெரிக்கார்ப்ஸ் முழுநேர உறுப்பினர் ஒருவர் ஓராண்டில் 1,700 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அதில் நிதி திரட்டலுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவிடலாகாது. போராட்டத்துக்கோ தேர்தல் வேலைக்கோ போன நேரத்தைக் கணக்கில் எழுதவே கூடாது. பணியில் சேருமுன் பாலியல் குற்றவாளிகள் பட்டியல், மாநிலக் காவல் பதிவு, எஃப்.பி.ஐ. பதிவு மூன்றையும் சரிபார்த்திருக்க வேண்டும். சரிபார்த்த தேதி சேர்ந்த தேதிக்கு ஒரு நாள் பிந்தினாலும் அந்தச் செலவு ஏற்கப்படாமல் போகலாம். நாலைந்து பேர் கொண்ட அலுவலகம் இந்த விதிகளைத் தனியாகச் சமாளிக்க முடியாது. கோப்பைப் புரட்டிப் பார்த்து, பயிற்சி கொடுத்து, தணிக்கைக்கு முன்பே பிழையைப் பிடிப்பவர் ஆணையத்தின் திட்ட அலுவலர். ஆதரவு என்று நான் சொல்வது இதைத்தான். இதற்கான நிர்வாக நல்கை 2,50,000 முதல் 10,00,000 டாலர் வரை. பொதுவிதியாக, டாலருக்கு டாலர் ஆணையமும் திரட்டியாக வேண்டும். வெறும் பட்டுவாடா நிறுவனத்திடம் யாரும் இப்படி ஈட்டுத்தொகை கேட்பதில்லை.

கலிபோர்னியாவைக் காட்டி மறுப்போர் உண்டு. அங்கே 2008இல் தொண்டுப்பணிக்கென்றே அமைச்சரவை நிலைச் செயலர் பதவி உருவாயிற்று. பின்னர் வந்த கல்லூரிப் படைத் திட்டத்தில் மாணவர் 450 மணி நேரம் உழைத்தால் 10,000 டாலர் வரை பெறலாம். ஆளுநர் அலுவலக நிழலில் இத்தனையும் நடக்கிறதே என்கிறார்கள். தடை பற்றுவது அமெரிக்கார்ப்ஸ் நல்கையை மட்டுமே; மாநிலத்தின் சொந்தப் பணத்தை அல்ல. தவிர, அத்திட்டத்தைக் களத்தில் நடத்துபவை கல்லூரி வளாகங்கள். எனினும் பங்கிடுபவருக்கும் முன்னின்று பெயர் வாங்குபவருக்கும் இடையிலான கோடு அங்கே மெலிந்திருப்பது உண்மை. டெக்சாஸின் ஒன்ஸ்டார், மின்னசோட்டாவின் சர்வ்மின்னசோட்டா ஆகியவை இலாப நோக்கற்ற நிறுவனங்களாக அரசுக்கு வெளியே நிற்பதால் அங்கு இந்தச் சிக்கல் குறைவு.

என் வாசிப்புக்கு உண்மையான சோதனை 2025 ஏப்ரலில் வந்தது. ஏறத்தாழ 40 கோடி டாலர் அளவிலான அமெரிக்கார்ப்ஸ் நல்கைகளைக் கூட்டரசு ஒரேயடியாக நிறுத்தியது. 178ஆம் பிரிவு எழுப்பிய சுவர் ஆளுநரை நோக்கியது. பணம் வரும் திசையில் அது திறந்தே கிடந்தது. நீதிமன்றம் ஏறியவை மாநிலங்கள். ஜூன் மாதம் மேரிலாந்து கூட்டரசு நீதிமன்றம் தந்த இடைக்கால நிவாரணமும் ஆணையங்களின் தன்னாட்சியை அடிப்படையாகக் கொள்ளவில்லை. பெருமாற்றத்துக்கு முன் அறிவிப்பு வெளியிட்டுக் கருத்துக் கேட்கவில்லை என்ற நடைமுறைக் குறையைத்தான் பற்றிக்கொண்டது. பலன் கிடைத்ததும் வழக்குத் தொடுத்த மாநிலங்களுக்கு மட்டுமே. அதே 178ஆம் பிரிவின்கீழ் அமைந்த மற்ற மாநில ஆணையங்களுக்கு அந்த ஆணை பொருந்தவில்லை.