ஊமத்தைப் புகையிலிருந்து இன்ஹேலர் வரை: மருந்தளவின் வரலாறு

மூச்சுவழி மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பிளைமவுத் மருத்துவர் ஜான் மட்ஜ், இருமலுக்கு வெந்நீராவி இழுக்கும் உலோகக் கலத்திற்கு 1778இல் ‘இன்ஹேலர்’ எனப் பெயரிட்டதை அதன் தொடக்கமாகக் கொள்வர். ஆயின், மருந்தின் அளவை வரையறுப்பதே இத்துறையின் மையச் சிக்கலாக இருந்தது என்பதைச் சென்னையோடு தொடர்புடைய ஒரு சான்றின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன், இரைப்பு நோய்க்கு ஊமத்தையைப் புகைக்கும் முறையை அறிந்திருந்தார். அவர்வழி அதனை அறிந்த ஜெனரல் ஜென்ட், 1802இல் பிரிட்டனில் அதை அறிமுகப்படுத்தினார். அங்கே வளர்ந்த ஊமத்தை இனம் இந்திய இனத்திற்கு மாற்றாயிற்று. பின்னர் அதன் இலை ஆஸ்துமா சிகரெட்டாகவும் விற்பனைக்கு வந்தது. இவ்வரலாற்றில் அதிகாரிகளின் பெயர்கள் நிலைத்தன. அம்முறையை வழங்கிய உள்ளூர் மருத்துவர் பெயரின்றி மறைந்தார்.

ஊமத்தையிலுள்ள அட்ரோபின், மூச்சுக்குழல் தசையைச் சுருங்கச் செய்யும் அசிட்டைல்கோலினின் செயலைத் தடுக்கிறது, குழல் விரிகிறது. ஆனால் இலைக்கு இலை மருந்துச் சத்து வேறுபடும்; இழுக்கப்படும் புகையின் அளவும் நிலையானதன்று. அளவு மிகின் வாய் வறளும், பார்வை மங்கும், சித்தம் தடுமாறும். மருந்து பயனுடையதே, அளவே கைக்கு அடங்கவில்லை.

1956இல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனம் ஜார்ஜ் மைசனின் தலைமையில் ‘மெடிஹேலர்’ என்னும் கருவியை வெளியிட்டது. அழுத்தக் குப்பியிலிருந்து ஒவ்வோர் அழுத்தத்திற்கும் குறித்த அளவு மருந்தை மட்டும் விடுவிக்கும் வால்வே அதன் புதுமையாகும். எனினும் வெளிவரும் மருந்து முழுவதும் நுரையீரலை அடைவதில்லை. ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ள துகள்களே ஆழ்ந்து செல்கின்றன. பெரியவை தொண்டையில் படிந்துவிடுகின்றன. அழுத்துவதும் மூச்சிழுப்பதும் ஒருங்கே நிகழவேண்டியிருப்பதால், பயன்படுத்துவோரின் பயிற்சியும் அளவைத் தீர்மானிக்கிறது.

அட்ரோபினின் மூலக்கூற்றை மாற்றி உருவாக்கப்பட்ட இப்ராட்ரோபியம் 1970களில் பயன்பாட்டிற்கு வந்தது. நுரையீரலிலிருந்து குருதியில் குறைவாகவே கலப்பதாலும், மூளைக்குள் எளிதில் புகாததாலும் அது பழைய தீங்குகளைப் பெரிதும் தவிர்த்தது. எனவே, ஊமத்தைப் புகையை நவீன மருத்துவம் முற்றிலும் புறந்தள்ளியது எனக் கொள்வதற்கில்லை. அதன் மருந்தியல் அடிப்படை தொடர்ந்தது. அதற்கு அளவு வாய்த்தது. இன்ஹேலரின் வரலாற்றில் பெயரறியா அந்த மருத்துவருக்கும் இடமளிக்க வேண்டுவது இதனாலேயே எனலாம்.