ரமளான் விளக்குகள்: வீட்டு அலங்காரத்தின் வரலாறும் வரம்பும்

ரமளான் பிறை தென்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே பிறை வடிவ விளக்குகளும் காகிதத் தோரணங்களும் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. பிள்ளைகள் ஆசையோடு கேட்கிறார்கள். பெரியவர்களோ, இது நம்முடைய வழக்கம்தானா, பிறரைப் பார்த்துச் செய்வதா, வீண்விரயத்தில் சேருமா என்று தயங்குகிறார்கள். ஆசை, தயக்கம் இரண்டுமே நியாயமானவை. முன்சென்ற முஸ்லிம்கள் இதை எவ்வாறு கையாண்டார்கள் என்பதை அறிந்தால் நம் வீட்டிற்கான முடிவு எளிதாகும்.

மதீனாவில் ஒரு திரை

நபி (ஸல்) அவர்கள் ஒரு போர்ப் பயணத்திற்குச் சென்றிருந்த வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு விரிப்பை வாங்கி வாசலில் திரையாகத் தொங்கவிட்டார்கள். திரும்பி வந்த நபியவர்களின் முகத்தில் அதிருப்தி தெரிந்தது. அதை இழுத்துக் கிழித்துவிட்டு, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை அணிவிக்குமாறு இறைவன் நம்மைப் பணிக்கவில்லை என்னும் கருத்தில் சொன்னார்கள். அன்னையவர்கள் அதே துணியை வெட்டி, பேரீச்ச நார் திணித்து இரண்டு தலையணைகளாக ஆக்கினார்கள். அதை நபியவர்கள் குறை கூறவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சிக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், சுவரைத் துணியால் போர்த்துவது விரும்பத்தகாதது, ஆயினும் ஹராம் அன்று என்று கருதினார்கள். சுவருக்கு வீணாக இருந்த துணி, மனிதர் சாய்ந்துகொள்ளப் பயன்பட்டபோது ஏற்கப்பட்டது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

அதே வீட்டில் ஒரு பெருநாளன்று இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்தனர். அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, ஒவ்வொரு சமுதாயத்திற்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம்முடைய பெருநாள் என்று கூறி நபியவர்கள் அச்சிறுமியரைப் பாட விட்டுவிட்டார்கள். ஆடம்பரத்தைத் தடுத்த இல்லத்தில் பெருநாள் மகிழ்ச்சிக்குத் தடை இருக்கவில்லை.

மக்காவின் இரு விளக்குகள்

ஹிஜ்ரி 579ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1183 டிசம்பரில் தொடங்கிய ரமளானை மக்காவில் கழித்தவர் ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர். ஹரம் பள்ளியில் பாய்கள் புதிதாக விரிக்கப்பட்டதையும், மெழுகுவர்த்திகளும் தீவட்டிகளும் பெருகி இரவு ஒளிமயமானதையும் தம் பயண நூலில் எழுதியுள்ளார். அவர் விவரிக்கும் இன்னொரு காட்சி வீடுகளோடு தொடர்புடையது. மினாரா ஒன்றின் உச்சியில் மரக்கம்பம் நட்டு, அதில் இரண்டு பெரிய கண்ணாடி விளக்குகளை ஏற்றியிருந்தார்கள். ஸஹர் நேரம் முழுவதும் அவை எரியும். வைகறை நெருங்கியதும் அவை இறக்கப்படும். முஅத்தினின் குரல் எட்டாத தொலைவில் இருந்தவர்கள் தத்தம் வீட்டு மாடியிலிருந்து பார்த்து, விளக்குகள் மறைந்ததும் உண்பதை நிறுத்திக்கொள்வார்கள். கண்ணுக்கு அழகாக இருந்த அவ்விளக்குகளே ஊருக்குக் கடிகாரமாகவும் இருந்தன.

கெய்ரோவின் ஃபானூஸ்

இன்று உலகெங்கும் ரமளானின் அடையாளமாகிவிட்ட ஃபானூஸ் என்னும் கூண்டு விளக்கின் தாயகம் கெய்ரோ. ஃபாத்திமிய கலீஃபா அல்முஇஸ் ஹிஜ்ரி 362 ரமளானில் (கி.பி. 973) அந்நகருக்குள் நுழைந்தபோது மக்கள் விளக்கேந்தி வரவேற்றதிலிருந்து இவ்வழக்கம் பிறந்தது என்று எகிப்தியர் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். இது செவிவழிச் செய்தி. எழுத்தில் உறுதியாகக் கிடைப்பது வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ (இறப்பு கி.பி. 1442) தரும் சித்திரம்.

கெய்ரோவின் மெழுகுவர்த்திக் கடைத்தெரு நள்ளிரவு வரை திறந்திருக்கும் என்கிறார் அவர். ரமளான் அங்கே பெரும் வணிகக் காலம். பத்து ராத்தல் எடையுள்ள மெழுகுவர்த்திகள் விற்பனைக்கும் வாடகைக்கும் கிடைத்தன. ஒரு கிந்தார், அதாவது நூறு ராத்தலுக்கும் மேற்பட்ட எடையுள்ளவை வண்டியில் வைத்து இழுக்கப்பட்டன. இவை அனைத்தும் தராவீஹ் தொழுகைக்குச் செல்லும் சிறுவர்களின் ஊர்வலத்திற்காக! வாங்க வசதியில்லாதவர் வாடகைக்கு எடுக்க முடிந்தது என்பதும், பிள்ளைகளின் குதூகலம் பள்ளிவாசலை நோக்கியே நடந்தது என்பதும் இச்சித்திரத்தின் சிறப்பு.

பிற்காலத்தில் கெய்ரோவின் கைவினைஞர்கள் தகரத்தை வெட்டி மடித்து, வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்தி, உள்ளே மெழுகுவர்த்தி வைத்து ஃபானூஸ் செய்தார்கள். பாப் ஸுவைலா வாயிலை அடுத்த தஹ்த்துர் ரப்உ தெரு இத்தொழிலுக்கு இன்றும் பெயர்பெற்றது. பாட்டரியில் ஓடிப் பாடும் நெகிழி விளக்குகள் சீனாவிலிருந்து குவிந்து இத்தொழிலை நலியச் செய்தன. 2015இல் எகிப்திய அரசு அத்தகைய நாட்டார் கலைப்பொருள்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

நம் வீட்டிற்கு

ஃபானூஸ் மார்க்கக் கடமையும் அன்று, ஸுன்னத்தும் அன்று. அது ஒரு நாட்டின் வழக்கம். அதைத் தொங்கவிடாத வீட்டில் ரமளான் குறைந்துவிடப் போவதில்லை. தொங்கவிட விரும்புவோர் மேற்கண்ட வரலாற்றிலிருந்தே அளவுகோல் எடுத்துக்கொள்ளலாம். வாசலில் ஏற்றும் விளக்கு தராவீஹுக்குச் செல்லும் அண்டை வீட்டாருக்கும் வழிகாட்டட்டும். சுவருக்குச் செலவிட நினைத்த பணத்தில் ஒரு பங்கு நோன்பு திறக்க வரும் விருந்தினருக்குப் பாயாகவும் தலையணையாகவும் மாறட்டும். தோரணத்தைக் கடையில் வாங்குவதைவிடப் பிள்ளைகள் தம் கையால் வெட்டி ஒட்டுவது சிக்கனமும் ஆகும், அவர்களுக்கு மகிழ்ச்சியும் ஆகும். உறங்குமுன் விளக்கை அணைத்துவிடுங்கள், எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடக்கூடும் என்ற நபிமொழியின் கருத்து, இரவு முழுவதும் எரியும் மின்சரங்களுக்கும் பொருந்தும்.

அண்டை வீட்டாரோடு போட்டியிட்டு, கடன்பட்டு அலங்கரிக்கும் நிலை மட்டும் நம் குடும்பங்களுக்கு வர வேண்டாம். வல்ல இறைவன் நம் இல்லங்களைத் தொழுகையாலும் குர்ஆன் ஓதுதலாலும் ஒளிபெறச் செய்வானாக.