கடைசி மனிதனும் ஒரு கன்றுக்குட்டியும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், உலகம் அழியப்போகிறது என்று யூடியூபில் வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்குவதில்லையாம். "நீங்க சொன்னா கேப்பா டீச்சர்" என்றார். அதெல்லாம் பொய் என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லிப் பார்த்தாயிற்று. அதனால் அவளுக்கு மேரி ஷெல்லியைப் பற்றிச் சொன்னேன்.

1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கியது வானமெங்கும் படர்ந்து வெயிலை மங்கச் செய்தது. மறு வருடம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஓயாத மழை, குளிர், விளைச்சல் பொய்த்தது. எரிமலைதான் காரணம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. இத்தாலியில் பொலோன்யா நகரத்து வானியலாளர் ஒருவர், 1816 ஜூலை 18 அன்று சூரியன் அணைந்துவிடும் என்று சொன்னதாகச் செய்தி வேறு பரவியது. யூடியூப் இல்லாத காலத்திலேயே!

அப்போது ஜெனிவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் முடங்கிய நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். 18 வயது மேரி ‘பிராங்கன்ஸ்டைன்’ தொடங்கியது அங்கேதான். இது பலருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

1819-க்குள் மேரி மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார். 1822-ல் கணவர் ஷெல்லி இத்தாலியக் கடலில் மூழ்கி இறந்தார். அப்போது மேரிக்கு வயது 24. 1824-ல் பைரனும் கிரேக்கத்தில் காய்ச்சலில் போய்விட்டார். மிஞ்சிய ஒரு மகனோடு இங்கிலாந்தில் இருந்துகொண்டு மேரி எழுதியதுதான் ‘கடைசி மனிதன்’ நாவல். 1826-ல் வந்தது.

கதை 21-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடக்கிறது. கொள்ளைநோயில் மனித குலமே அழிகிறது. அதில் ஏட்ரியன் என்பவன் ஷெல்லியின் சாயல், ரேமண்ட் பைரனின் சாயல். இருவரையும் காகிதத்தில் உயிர்ப்பித்து, பக்கம் பக்கமாகப் பேசவைத்து, பிறகு தன் கையாலேயே சாகவிடுகிறார். ஏட்ரியன் சாவதும் கடலில் மூழ்கித்தான். அந்த இடம் வந்ததும் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அதை எழுதும்போது அந்தப் பெண்ணின் கை என்ன பாடு பட்டிருக்கும்!

கடைசியில் எஞ்சுபவன் வெர்னி. படிக்க ஆளே இல்லாத ரோம் நகரத்தில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் எழுதி முடிக்கிறான். பிறகு ஒரு நாயையும் சில புத்தகங்களையும் படகில் ஏற்றிக்கொண்டு, வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடிக் கிளம்புகிறான்.

அன்றைய விமர்சகர்கள் நாவலைத் திட்டித் தீர்த்தார்கள். எழுதியதால் மேரியின் துக்கம் தீர்ந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். அதன்பின் 25 வருடம் இருந்தார். எழுதிச் சம்பாதித்து மகனைப் படிக்கவைத்தார். கணவரின் கவிதைகளைத் தொகுத்துப் பதிப்பித்தார்.

"உலகம் எப்படி அழியுதுன்னு நீயும் எழுதேன்" என்றேன் அந்தப் பிள்ளையிடம். நேற்று வாட்ஸ்அப்பில் நான்கு பக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்துவிடுகிறது. மிச்சம் அவளும் ஒரு கன்றுக்குட்டியும். நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போன் செய்தேன்.

"இன்னும் முடியல பாட்டி. கன்னுக்குட்டிக்குத் தண்ணி தேடணும்" என்றாள்.