கோழி எரு மின்சாரம்

கோழிப் பண்ணைக் கூளத்தையும் வைக்கோல், மரச்சீவல் போன்ற பண்ணைக் கழிவுகளையும் எரித்தோ, காற்றுப்படாமல் நொதிக்கவைத்தோ எடுக்கும் மின்சாரம். கோழிக் கூளத்தை மட்டுமே நம்பிக் கட்டப்பட்ட உலகின் முதல் மின்நிலையம் 1992இல் இங்கிலாந்தில் இயங்கத் தொடங்கியது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல்களின் வரிசையில் இதையும் வைப்பது வழக்கம். ஆனால், மின்சாரம் போதவில்லை என்பதற்காக யாரும் இந்த நிலையங்களைக் கட்டவில்லை. எருவை எங்கே கொட்டுவது என்று தெரியாத நிலைதான் பெரும்பாலானவற்றைக் கட்டவைத்தது.

இறைச்சிக்கோழிகளை ஆழ்கூள முறையில் வளர்க்கும்போது தரையில் மரச்சீவல், வைக்கோல், உமி என ஊருக்குக் கிடைப்பதைப் பரப்புவார்கள். ஐந்தாறு வாரத்தில் ஒரு தொகுதிக் கோழி விற்பனைக்குப் போகும். அதற்குள் எச்சம், சிந்திய தீவனம், உதிர்ந்த சிறகு எல்லாம் கூளத்தோடு கலந்துவிடும். ஈரம் 20 முதல் 50 விழுக்காடு வரை ஏறியிறங்கும். கொட்டகை காய்ந்திருந்தால் கூளம் நிலக்கரியின் பாதியளவு வெப்பம் தரும். ஈரம் ஏற ஏற, அதை உலர்த்தவே கூடுதல் வெப்பம் செலவாகும்.

இந்த எரு காலங்காலமாக வயலுக்குத்தான் போனது. தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் உள்ள நல்ல உரம் அது. கோழியும் வயலும் ஒரே வீட்டில் இருந்தவரை சிக்கல் எழவில்லை. பின்னர் கோழிவளர்ப்பு தனித் தொழிலானது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1923இல் செசில் ஸ்டீல் என்ற பெண் 50 குஞ்சுகள் கேட்டு அனுப்பினார். 500 வந்து சேர்ந்தன. அவர் திருப்பி அனுப்பாமல் வளர்த்து விற்றார். இறைச்சிக்கோழித் தொழிலின் தொடக்கமாக அமெரிக்கர்கள் இதைச் சொல்வார்கள். பிறகு தொழில் சில வட்டாரங்களில் குவிந்தது. தீவனம் தொலைதூரத்து வயல்களிலிருந்து வந்தது, எச்சமோ பண்ணையருகே தங்கிவிட்டது. சுற்றுவட்டார நிலம் தாங்குவதற்கு மேல் எரு விழுந்தால் பாஸ்பரசும் நைட்ரேட்டும் ஓடையிலும் கிணற்றிலும் இறங்கும். ஐரோப்பாவில் 1991இல் வந்த நைட்ரேட் நெறிமுறை, வயலில் எருவிடுவதற்கு வரம்பு கட்டியது. செத்த கோழி கலந்த கூளத்தால் மாடுகளுக்கு பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்ததும் பிரிட்டனில் கவலையானது.

எருவிலிருந்து ஆற்றல் எடுக்கும் யோசனை இதற்கு முன்பே இருந்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஹெரால்ட் பேட் என்பவர் கோழி, பன்றி எருவிலிருந்து வந்த மீத்தேனில் தம் காரை ஓட்டிக்காட்டி 1970களின் தொடக்கத்தில் பத்திரிகைகளில் பேசப்பட்டார். எண்ணெய் விலை இறங்கியதும் அந்த ஆர்வமும் அடங்கியது.

பெரிய அளவில் தொடங்க வழிசெய்தது அணுமின்சாரம் என்றால் நம்பக் கடினம். பிரிட்டன் 1990இல் மின்துறையைத் தனியாருக்கு விற்றபோது அணுமின் நிலையங்களை வாங்க ஆள் வரவில்லை. அவற்றைத் தாங்கிப்பிடிக்க, புதைபடிவம் அல்லாத எரிபொருளிலிருந்து ஒரு பங்கு மின்சாரம் வாங்கியே தீரவேண்டும் என்று மின்பகிர்மான நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தியது. வசூலான தீர்வையில் பெரும்பகுதி அணுவுக்கே போனாலும், காற்றாலை, குப்பை வாயு ஆகியவற்றோடு கோழிக் கூளமும் அந்தக் கதவில் நுழைந்தது. ஃபைப்ரோவாட் நிறுவனம் சஃபோக் மாவட்டத்தின் ஐ என்ற சிற்றூரில், இரண்டாம் உலகப்போர்க் கால விமானத்தளத்து நிலத்தில் 12.7 மெகாவாட் நிலையத்தைக் கட்டியது. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகு ஒன்றோடு ஒப்பிட்டால் இது பதினாறில் ஒரு பங்குதான்.

பொறியாளர்களுக்கு முதல் சவால் நாற்றம். லாரிகள் தார்ப்பாய் போர்த்தி வரும். கிடங்குக்குள் நுழைந்து கதவை மூடிய பிறகுதான் கூளத்தைக் கொட்டும். எரிப்பதற்கு வேண்டிய காற்றை உலை அந்தக் கிடங்கிலிருந்தே இழுத்துக்கொள்ளும். அதனால் உள்ளே காற்றழுத்தம் எப்போதும் சற்றுக் குறைந்திருக்கும். வெளிக்காற்று உள்ளே வருமே தவிர, நாறும் காற்று வெளியே போகாது. எடுப்பான் பொருத்திய மேல்தளப் பாரந்தூக்கி ஈரக் கூளத்தையும் காய்ந்த கூளத்தையும் மாற்றி மாற்றி அள்ளிக் கலக்கும். உலையில் 850 டிகிரி செல்சியசுக்கு மேல் எரிந்து, நீராவி டர்பைனைச் சுழற்றும். மற்றபடி சாதாரண அனல்மின் நிலையம்தான்.

அடுத்த சவால் சாம்பல். கூளத்திலுள்ள பொட்டாசியமும் குளோரினும் உலைச்சூட்டில் இளகி, கொதிகலன் குழாய்களில் ஒட்டி அரிக்கும். நீராவியின் வெப்பநிலையை நிலக்கரி நிலையங்கள் அளவுக்கு ஏற்ற முடியாததற்கு இதுவே காரணம். திறன் குறைவதும் இதனால்தான்.

1993இல் லிங்கன்ஷயரின் கிளான்ஃபோர்டில் 13.5 மெகாவாட் நிலையம் வந்தது. இதன் கதை சற்று விசித்திரமானது. பித்த மாட்டு நோயால் இறைச்சி-எலும்புத் தூளைப் பண்ணை விலங்குகளுக்கு ஊட்டக்கூடாது என்று 1996இல் பிரிட்டன் தடைபோட்டது. மலையாகக் குவிந்த அந்தத் தூளை எரிக்க இந்த நிலையம் மாற்றப்பட்டது; கோழிக் கூளம் வெளியேறியது. 1990களின் இறுதியில் நார்ஃபோக்கின் தெட்ஃபோர்டில் எழுந்த 38.5 மெகாவாட் நிலையம்தான் இந்த வகையில் பிரிட்டனில் பெரியது. ஆண்டுக்கு 4 லட்சம் டன்னுக்கு மேல் கூளம் எரிக்கும். கணக்குப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ. ஸ்காட்லாந்தின் வெஸ்ட்ஃபீல்டில் ஏறத்தாழ 10 மெகாவாட் நிலையம், கீழிருந்து காற்றை ஊதி மணற்படுகையை மிதக்கவைத்து அதன்மேல் கூளத்தை எரித்தது.

எரிந்து எஞ்சும் சாம்பலில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தங்கிவிடுகின்றன. கிருமியோ நாற்றமோ இல்லை, எடையும் குறைவு. எருவாக இருந்தபோது பக்கத்து ஊருக்குக்கூடக் கொண்டுபோகக் கட்டுப்படியாகாத சத்து, இப்போது தொலைதூரம் போகிறது. 'ஃபைப்ரோஃபாஸ்' என்ற பெயரில் அது உரமாக விற்பனையானது. தழைச்சத்து மட்டும் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. அதை ஈடுகட்ட உழவர் இயற்கை எரிவாயுவில் செய்த யூரியாவை வாங்கவேண்டியிருக்கிறது. 'பசுமை மின்சாரம்' என்று பேசுவோர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

வைக்கோல் வேறு வழியில் வந்தது. டென்மார்க்கின் ஹாஸ்லெவில் 1989இல் வைக்கோலால் மின்சாரமும் வீடுகளுக்கு வெப்பமும் தரும் நிலையம் தொடங்கியது. 1993இல் அந்நாட்டு நாடாளுமன்றக் கட்சிகள் செய்துகொண்ட உடன்பாடு, பெரிய மின்நிலையங்கள் ஆண்டுக்கு 12 லட்சம் டன் வைக்கோல் எரிக்கவேண்டும் என இலக்கு வைத்தது. இந்தியாவில் பஞ்சாபின் ஜல்கேரியில் நெல் வைக்கோலுக்கென 10 மெகாவாட் நிலையம் 1992இலேயே கட்டப்பட்டது.

அமெரிக்காவிலும் வழிவிட்டது அணுமின்சாரமே. மின்னசோட்டாவின் பிரெய்ரி ஐலண்ட் அணுமின் நிலையத்தில் எரிந்த எரிபொருளை உலர்கலங்களில் வைக்க அனுமதித்த 1994ஆம் ஆண்டுச் சட்டம், பதிலுக்குக் காற்றாலை மின்சாரமும் உயிர்க்கூள மின்சாரமும் வாங்கச் சொன்னது. வான்கோழி வளர்ப்பில் முன்னணியில் உள்ள மாநிலம் அது. பென்சன் என்ற சிறுநகரில் 55 மெகாவாட் நிலையம் 2007இல் திறக்கப்பட்டது. வான்கோழிக் கூளமும் மரச்சீவலும் அதன் எரிபொருள். வான்கோழித் தீவனத்தில் சேர்த்த ஆர்சனிக் மருந்து புகையில் வருமோ என்ற அச்சம் ஒருபக்கம். சோள விவசாயிகள் விரும்பி வாங்கும் உரத்தை ஏன் எரிக்கவேண்டும் என்ற கேள்வி மறுபக்கம். ஆனால் நிலையத்தை வீழ்த்தியது இவை இரண்டுமல்ல, காற்றாலை மின்சாரத்தின் விலைச்சரிவு. நீண்டகால ஒப்பந்தத்தில் கூடுதல் விலை கொடுத்துவந்த எக்ஸெல் எனர்ஜி, சட்டமன்றத்தின் இசைவோடு நிலையத்தையே வாங்கி 2018இல் மூடியது. அடுத்த ஆண்டு இடித்தார்கள்.

எரு உண்மையிலேயே தேங்கும் ஊர்களில் கதை வேறு. நெதர்லாந்தின் மோர்டைக்கில் 2008இல் தொடங்கிய 36.5 மெகாவாட் நிலையம் நாட்டின் கோழி எருவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எரிக்கிறது. பண்ணையாளர்களே கைப்பணம் கொடுத்து எருவை அகற்றும் நாடு அது. ஜப்பானின் இறைச்சிக்கோழி மாவட்டமான மியாசாகியில் 2005 முதல் 11,350 கிலோவாட் நிலையம் ஆண்டுக்கு 1,32,000 டன் எரு எரிக்கும் அளவில் கட்டப்பட்டு இயங்குகிறது. தேவை இருந்தும் ஊர் மறுத்ததுண்டு. வட அயர்லாந்தில் நே ஏரிக்கு அருகே கிளெனவியில் திட்டமிட்ட 30 மெகாவாட் நிலையத்துக்குக் கடும் எதிர்ப்பு எழ, 2012இல் அனுமதி மறுக்கப்பட்டது.

கூண்டில் வளரும் முட்டைக்கோழியின் எச்சத்தில் கூளம் இல்லை, ஈரம் அதிகம். அதை எரிப்பதைவிட நொதிக்கவைப்பதே பொருத்தம். பெய்ஜிங் அருகே 30 லட்சம் கோழிகள் உள்ள தெச்சிங்யுவான் பண்ணை 2 மெகாவாட் சாணவாயு மின்நிலையம் நடத்தியது. இதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. எச்சத்திலுள்ள மிகையான நைட்ரஜன் அம்மோனியாவாகி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களையே முடக்கிவிடும். மாட்டுச் சாணமோ பயிர்க்கழிவோ கலந்து சமன்செய்ய வேண்டும். நீர் ஊற்றி நீர்க்கச்செய்தால் கழிவுநீர் பெருகும்.

முட்டைக்கோழி வளர்க்கும் நாமக்கல் இந்த இரண்டாம் வகை. அங்கே உயர்ந்த கூண்டுகளுக்கு அடியில் எச்சம் குவியும். சாணவாயு முறையில் 2.4 மெகாவாட் மின்நிலையமும் அங்கே அமைக்கப்பட்டது. சாணவாயு ஆலையிலிருந்து கழியும் சேற்றில் மூன்று சத்துமே மிஞ்சுவதால் அதை மறுபடி வயலுக்கு அனுப்பலாம். மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் தென்னைக்கும் கோழி எருவைக் காசு கொடுத்து வாங்க உழவர் இருக்கும் வட்டாரத்தில், தெட்ஃபோர்டு போல் எரிக்கும் நிலையம் உழவரோடு விலைப்போட்டி போட்டுத்தான் எரிபொருள் வாங்கவேண்டியிருக்கும். நாமக்கல்லுக்கு எரிகொதிகலன் ஒத்துவராது, சாணவாயுக்கலனே சரி.