வீட்டு மின்னேற்றி: காரைக்காலை முன்வைத்து ஒரு வரலாறு

வீட்டு மின்னேற்றி என்பது மின்சார மகிழுந்தின் மின்கல அடுக்கை வீட்டு மின்னிணைப்பிலிருந்து நிரப்பிக்கொள்ள உதவும் கருவியாகும். பேச்சு வழக்கில் இதை 'சார்ஜர்' என்பர். ஆனால் சுவரில் மாட்டும் பெட்டி உண்மையில் மின்னேற்றி அன்று. மின்கலம் நேர்மின்னோட்டத்தை மட்டுமே ஏற்கும். வீட்டுக்கு வருவதோ மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் மின்னேற்றி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப்பெட்டி என்பது காப்பு வசதிகள் கொண்ட ஒரு சுவிட்சு, அவ்வளவே. இந்த வேறுபாடு தெரியாதவர்கள் பெட்டிக்குத் தேவைக்கு மேல் செலவு செய்துவிட்டு, கம்பிக்கும் நிலத்தொடர்புக்கும் செலவிட வேண்டியதை மிச்சம் பிடிக்கின்றனர். இது எப்படி நேர்ந்தது என்பதை அறியக் கருவியின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

முதல் கொட்டில்கள்

வீட்டிலேயே வண்டிக்கு மின்னேற்றும் வழக்கம் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் மின்சார வண்டிகள் ஓடின. 1907 முதல் 1939 வரை விற்பனையான டெட்ராய்ட் எலக்ட்ரிக் அவற்றுள் பெயர் பெற்றது. பெட்ரோல் வண்டியால் உலகை மாற்றிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே அதை ஓட்டியவர். அந்நாளிலும் சிக்கல் ஒன்றுதான்: தெருவில் மாறுமின்னோட்டம், வண்டியில் நேர்மின்னோட்டம். 1902 இல் பீட்டர் கூப்பர் ஹெவிட் உருவாக்கிய பாதரச வில் திருத்தி இதற்கு விடையாக அமைந்தது. வெற்றிடமாக்கிய கண்ணாடிக் குடுவைக்குள் பாதரச ஆவி ஒளிர, மின்னோட்டம் ஒரு திசையில் மட்டும் செல்லும். இக்குடுவை பொருத்திய பலகைகளை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வண்டிக் கொட்டில்களுக்காக விற்றது. அப்போது மின்னேற்றி உண்மையிலேயே சுவரில்தான் இருந்தது. 1912 இல் காடிலாக் வண்டியில் மின்சாரத் தொடக்கி வந்து, கைப்பிடி சுற்றும் தொல்லை நீங்கியதும் மின்சார வண்டியின் முதற்காலம் சரியத் தொடங்கியது.

இரண்டாம் வருகையில் நேர்ந்தது மாணவர்கள் கவனிக்க வேண்டிய கதை. 1996 இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈ.வி.1 என்னும் மின்சார வண்டியைக் குத்தகைக்கு விட்டது. அதற்கு மின்னேற்ற, துடுப்பு போன்ற தட்டையான ஒரு பொருளை வண்டியின் முன்புறப் பிளவில் செருக வேண்டும். உலோகம் உலோகத்தைத் தொடாமல் காந்தத் தூண்டலால் மின்னாற்றல் கடந்தது, மழையிலும் பாதுகாப்பானது. ஆனால் 2001 இல் கலிபோர்னியக் காற்று வள வாரியம் நேரடித் தொடுமுனைச் செருகியையே பொது முறையாகத் தேர்ந்தது. துடுப்புக் கருவிகள் பயனற்றுப் போயின. தேர்ந்தெடுக்கப்பட்ட செருகியும் நிலைக்கவில்லை: செவ்வக வடிவிலான அதன் இடத்தை 2010 வாக்கில் ஜப்பானின் யாசாகி நிறுவனம் வடிவமைத்த வட்டச் செருகி பிடித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று செருகிகள்! அத்தனை மாற்றத்திலும் மாறாமல் நின்றவை சுவருக்குள் ஓடிய கம்பியும் மண்ணுக்குள் புதைந்த நிலத்தொடர்பும்.

ஐரோப்பாவில் ஜெர்மனியின் மெனக்கஸ் நிறுவனம் உருவாக்கிய ஏழுமுனைச் செருகி 'டைப் 2' என்ற பெயரில் பரவியது. 2014 இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பொது முறையாக்கியது. இன்று இந்திய மகிழுந்துகளில் காணப்படுவதும் இதுவே.

இந்தியாவில்

1993 இல் தில்லி வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்ட லவ்பேர்ட் இந்தியாவின் முதல் மின்சார மகிழுந்தாகச் சொல்லப்படுகிறது. சாலக்குடியோடும் கோயம்புத்தூரோடும் தொடர்புடைய அந்த வண்டி மிகச் சிலவே விற்றது. 2001 இல் பெங்களூரில் வெளிவந்த ரேவா ஓரளவு நிலைத்தது. காரீய அமில மின்கலம் கொண்ட அச்சிறு வண்டிக்குத் தனிக் கருவி ஏதும் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் சாக்கெட் போதும்.

அந்த சாக்கெட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. உருண்டை முனைகள் மூன்று கொண்ட நம் பிளக் பிரித்தானியத் தரத்தில் பிறந்தது. பிரித்தானியர் 1947 இல் சதுர முனைப் பிளக்குக்கு மாறத் தொடங்கினர். இந்தியா பழையதையே வைத்துக்கொண்டது. 1739 முதல் பிரெஞ்சுக்காரரிடம் இருந்து, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் ஆட்சி ஒப்படைக்கப்பட்ட காரைக்காலிலும் இன்று சுவரில் இருப்பது அதே உருண்டை முனைதான்.

2017 இல் அரசு 'பாரத்' மின்னேற்றி விவரக்குறிப்புகளை வெளியிட்டது. ஏசி-001 என்பது 3.3 கிலோவாட் வீதம் மூன்று முனைகள் கொண்டது. டிசி-001 என்பது 15 கிலோவாட் நேர்மின்னோட்டக் கருவி. 100 வோல்ட்டுக்கு உட்பட்ட மின்கலங்களுக்கு ஏற்றது. அரசு அலுவலகங்களுக்கு வாங்கப்பட்ட முதல் வண்டிகள் இவற்றை நம்பியே வந்தன. 2019 இல் சென்னையை அடுத்த ஆலையிலிருந்து ஹூண்டாய் கோனாவும், 2020 சனவரியில் டாடா நெக்சானும் வந்தபோது அவற்றின் மின்கலங்கள் 300 வோல்ட்டைத் தாண்டியிருந்தன. டிசி-001 அவற்றுக்கு உதவவில்லை. துடுப்பின் கதை இங்கே வேறு உருவில் திரும்பியது எனலாம்.

சட்டத் தெளிவும் இதே காலத்தில் வந்தது. வண்டிக்கு மின்னேற்றுவது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு உரிமம் வேண்டாம் என்று 2018 ஏப்ரலில் ஒன்றிய மின்துறை அமைச்சகம் விளக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த வழிகாட்டுதல்கள், வீடுகளிலும் அலுவலகங்களிலும் தனியார் மின்னேற்றத்தை அனுமதித்தன.

3.3 அல்லது 7.2

இன்று வாங்குபவர் முன் உள்ள தேர்வு பெரும்பாலும் இரண்டே. ஒன்று, வண்டியோடு வரும் எடுத்துச் செல்லத்தக்க கம்பி. 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் 3.3 கிலோவாட் வரை தரும். மற்றொன்று, சுவர்ப்பெட்டி, 32 ஆம்பியரில் 7.2 கிலோவாட். இங்கே முதலில் பார்க்க வேண்டியது வண்டிக்குள் இருக்கும் மின்னேற்றியின் அளவு. 2020 ஆம் ஆண்டின் நெக்சான் போல 3.3 கிலோவாட் மட்டுமே ஏற்கும் வண்டிக்கு 7.2 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. 2022 இல் வந்த நெக்சான் மேக்சில் இரண்டு அளவுகளும் விருப்பத் தேர்வாக வந்தபின்தான் இக்கேள்விக்கே பொருள் வந்தது.

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். திருநள்ளாறு கூப்பிடு தூரம். நாகப்பட்டினம் 20 கிலோமீட்டர். நாகைக்குப் போய்வரும் ஒருவர் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுவார். ஓர் அலகுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் என்று கொண்டால் செலவாவது 6 அலகு, 3.3 கிலோவாட்டில் இரண்டு மணி நேரத்தில் திரும்ப நிரம்பிவிடும். இரவு முழுவதும் இருக்கிறது. சென்னைக்கு அடிக்கடி போய்வருபவருக்கும், ஒரே வீட்டில் இரு மின்சார வண்டிகள் வைத்திருப்பவருக்கும்தான் பெரிய பெட்டி உண்மையில் தேவை.

கம்பியின் கணக்கு வேறு. மின்னோட்டம் இரு மடங்கானால் அதே கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். தேய்ப்புப் பெட்டியும் வெந்நீர்க் கொதிகலனும் சிறிது நேரத்தில் நின்றுவிடும். வண்டியோ எட்டு, ஒன்பது மணி நேரம் இடைவிடாமல் முழு மின்னோட்டத்தை இழுக்கும். தளர்ந்த ஒரு திருகு போதும், சாக்கெட் உருகுவதற்கு. ஆகவே மீட்டர் பலகையிலிருந்து வேறெதற்கும் பிரியாத தனிக் கம்பி வேண்டும்: 16 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, 32 ஆம்பியருக்குக் குறைந்தது 6, தொலைவு கூடினால் இன்னும் தடிமன். பின்னாளில் பெரிய வண்டி வரலாம் என்று நினைப்பவர், இன்று சிறிய சாக்கெட் வைத்தாலும் தடித்த கம்பியையே இழுத்துவிடுவது நல்லது. பெட்டியை ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். கம்பியை மாற்றச் சுவரை உடைக்க வேண்டும்.

சுவர்ப்பெட்டியின் தனிச் சிறப்பு அதன் பேச்சு. வண்டியைச் செருகியதும் 12 வோல்ட் குறியலை ஒன்று, நொடிக்கு ஆயிரம் துடிப்பாக, அதற்கென உள்ள சிறு கம்பி வழியே போகும். ஒவ்வொரு துடிப்பின் அகலமும் 'இவ்வளவு ஆம்பியர் எடுக்கலாம்' என்று வண்டிக்குச் சொல்லும். அக்குறியலை திரும்பி வருவது நிலத்தொடர்புக் கம்பி வழியாக. அது அறுந்திருந்தால் பேச்சே நடக்காது, மின்சாரமும் பாயாது. எடுத்துச் செல்லும் கம்பியிலுள்ள சிறு பெட்டியும் இதே வேலையைச் செய்கிறது.

உப்புக் காற்றும் வெள்ளமும்

வண்டி நிற்பது ரப்பர்ச் சக்கரத்தின் மேல். கதவைத் தொடுபவர் நிற்பது ஈர மண்ணில். கசிவு ஏற்பட்டால் மின்சாரம் எடுக்கும் வழி அவர் உடல்தான். அதனால்தான் மத்திய மின்சார ஆணையம் 2019 இல் தன் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் மின்னேற்றத்துக்கென விதிகளைச் சேர்த்தது. ஒவ்வொரு மின்னேற்ற முனைக்கும் தனிச் சுற்று, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் 'ஏ' வகைத் துண்டிப்பான், தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் சாக்கெட், நீட்டிப்புக் கம்பிக்குத் தடை ஆகியவை அவற்றுள் சில. ஜன்னல் வழியாக நீட்டிப்புப் பலகை இழுத்து வண்டிக்குக் கொடுப்பது விதிமீறல் மட்டுமன்று, ஆபத்தும் கூட.

டெல்டாக் கரையில் இவ்விதிகள் தொடக்கம் மட்டுமே. உவர் நீர் ஊறிய மண் மின்சாரத்தை நன்கு கடத்தும். அதனால் நிலத்தொடர்பு எளிது என்று தோன்றும். ஆனால் அதே உப்பு, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும். செம்பு பூசிய தண்டும், ஆண்டுதோறும் ஒரு முறை நிலத்தொடர்புத் தடையை அளந்து பார்ப்பதும் இங்கே ஆடம்பரம் அல்ல. கடற்காற்று படும் சுவரில் மாட்டும் பெட்டி தூசியும் நீர்த்தாரையும் புகாத தரத்தில் இருக்க வேண்டும். 800 மில்லிமீட்டர் என்பதும் மேட்டு நிலத்துக்குப் போதும். அரசலாறும் அதன் கிளைகளும் நிரம்பி வரும் தாழ்ந்த தெருக்களில், வீட்டுச் சுவரில் பழைய வெள்ளம் விட்ட கறைக்கு மேலேதான் பெட்டி ஏற வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபின் டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்ததும் மின்கலத்தை முழுதாக நிரப்பிவிட்டு, பெட்டிக்கான தனித் துண்டிப்பானை இறக்கி வைப்பது இவ்வூருக்குரிய முன்னெச்சரிக்கை.

ரசீதில் ஓர் எல்லை

காரைக்காலைச் சுற்றியிருப்பது தமிழ்நாடு. மின்சாரம் வழங்குவதோ புதுச்சேரி அரசின் மின்துறை. திருமலைராயன்பட்டினத்தில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையமும் புதுச்சேரி மின்கழகத்தினுடையதே. கட்டணத்தை வகுப்பது கோவாவுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆகவே தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2016 முதல் கிடைக்கும் இரு மாதத்துக்கு 100 இலவச அலகுகள் என்னும் கணக்கு 'பி.ஒய். 02' பதிவெண் வீட்டுக்குப் பொருந்தாது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஏறத்தாழ 140 அலகு கூடும். படிநிலைக் கட்டணத்தில் அவை மேற்படியில் போய் விழும். மறுபுறம் புதுச்சேரியில் பெட்ரோல் வரி குறைவு. அக்கம்பக்கத்து நாகை, மயிலாடுதுறை வண்டிகள் இங்கே வந்து நிரப்பிச் செல்வது பழைய வழக்கம். இரண்டும் சேர்ந்து, மின்சார வண்டியால் மிச்சமாகும் தொகை எல்லைக்கு இந்தப் பக்கம் சற்றுக் குறையும். தமிழ்நாட்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு விலையுயர்ந்த பெட்டி வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

32 ஆம்பியர் பெட்டி வைக்க விரும்புவோர் முதலில் தம் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று பார்த்து, குறைவாயிருந்தால் மின்துறையில் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் மும்முனை இணைப்புக்கும் மாற வேண்டும். 3.3 கிலோவாட் கம்பியோடு நிற்பவருக்குப் பல வீடுகளில் இந்த அலைச்சல் இல்லை. அக்கம்பியை வண்டியிலேயே வைத்துக்கொண்டு நாகையிலோ கும்பகோணத்திலோ உறவினர் வீட்டு 16 ஆம்பியர் சாக்கெட்டிலும் செருகலாம், அங்கே நிலத்தொடர்பு சரியாக இருந்தால். ரசீது மட்டும் தமிழ்நாட்டுக் கணக்கில் வரும்.