தந்திரக் காட்சியும் அதன் வரலாறும்

திரைப்படக் கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நடிகரைப் பற்றியும் நெறியாளரைப் பற்றியும் பாடல்களைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். இல்லாத நகரை இருப்பதாகவும் ஒருவரை இருவராகவும் காட்டிய தொழில்வல்லாரைப் பற்றியோ நம் மொழியில் எழுதப்பட்டது மிகச் சிறிதே. இதற்கு அத்தொழிலின் இயல்பே காரணம் எனத் தோன்றுகின்றது. தந்திரம் வெளிப்பட்டால் வியப்பு அழியும் என்னும் அச்சம் அதனுடன் கூடப்பிறந்தது.

அது பிறந்த இடம் மாயவித்தை மேடை. பாரிஸ் நகரில் வித்தை அரங்கொன்றை நடத்திய ஜோர்ஜ் மெலியே, தெருக்காட்சியொன்றைப் படமாக்குகையில் கமரா சற்றே தடைப்பட்டதென்றும், ஓட்டிப் பார்த்தபோது பயணிகள் வண்டி பிணவண்டியாக மாறியிருந்ததென்றும் கூறினார். கதை சுவையானது, ஆயினும் கமராவை நிறுத்திப் பொருளை மாற்றும் முறை, மேரி அரசியின் சிரச்சேதத்தைக் காட்டும் அமெரிக்கக் குறும்படத்தில் 1895 இலேயே கையாளப்பட்டுவிட்டது. 1913 இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வைத் தந்த தாதாசாகேப் பால்கேயும் வித்தை பயின்றவரே. தம் பெயரைத் திருப்பிக் 'கெல்பா' என்று வைத்துக்கொண்டு வித்தை காட்டினார். 1917 இல் அவர் எடுத்த 'லங்கா தகன'த்தில் சாலுங்கே என்னும் நடிகர் ஒருவரே இராமனாகவும் சீதையாகவும் தோன்றினார். இலங்கை எரிந்த காட்சியைக் காணப் பம்பாயில் மக்கள் திரண்டனர்.

தமிழகத்திலே இக்கலைக்கு முன்னோடி நாடகமேடையாகும். கன்னையா கம்பெனியாரின் 'தசாவதாரம்' காட்சியமைப்பாற் புகழ்பெற்றது. பின்னர் 1940 இல், சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திர'னில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார். இருவரையும் ஒருசேரக் காட்டும் முறை கேட்பதற்கு எளிது. வில்லையின் ஒரு பாதியைக் கருந்தகட்டால் மறைத்து, மறுபாதியில் நடிகரைப் படம்பிடிப்பர். அதே சுருளைத் தொடங்கிய இடத்துக்குத் திருப்பிச் சுற்றி, மறைப்பை மாற்றி, அவரையே மற்ற வேடத்தில் நிறுத்துவர். கமரா மயிரிழை அசைந்தால் நடுவே கோடு தோன்றும். சுருள் பிசகினால் வினாவுக்கு முன் விடை வந்துவிடும். பிழை நேர்ந்தால் இரு பாதியும் வீண். எத்தனை சுருள்கள் இவ்வாறு வீணாயினவோ!

இக்கலை தன் உச்சத்தை எய்தியது 1957 இல், சென்னை விஜயா நிறுவனத்தாரின் 'மாயா பஜா'ரில் என்பது எம் துணிபு. தெலுங்கிலும் தமிழிலும் கே. வி. ரெட்டி நெறிப்படுத்திய அப்படத்துக்கு ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. துவாரகையின் தோற்றத்துக்கு 50 அடிக்கு 60 அடி அளவான இடத்திலே சிற்றுருவ மாளிகைகளை அமைத்தனர் என்பர். கடோற்கசனாக வந்த எஸ். வி. ரங்காராவின் வாய்க்குள் பண்டங்கள் தாமே பறந்து புகும் விருந்துக் காட்சியைச் சிறுவர் இன்றும் கைகொட்டிச் சிரித்துக் காண்கின்றனர். அதனினும் அரியது படகுக் காட்சி. அங்கே தவழும் நிலவொளி சந்திரன் தந்ததன்று, பார்ட்லி தந்தது. விருந்து தந்திரமென்று எவரும் அறிவர். நிலவைத் தந்திரமென்று எண்ணுவார் இலர்.

அப்படத்தில் உதவியாளராகத் தொழில் கற்ற சிங்கீதம் சீனிவாசராவ், 1989 இல் 'அபூர்வ சகோதரர்க'ளை நெறிப்படுத்தினார். கணினியின் துணையின்றிக் கமலஹாசனைக் குள்ளராக்கிய வழி நெடுங்காலம் வெளியிடப்படவில்லை. ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்குக் கைவழியாகவே சென்ற கல்வி இது; ஏட்டில் ஏறவில்லை. 1998 இல் 'ஜீன்ஸ்' வந்த காலத்தில் கணினி அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது.

அமெரிக்கரோ வேறு வழி சென்றனர். ஜோர்ஜ் லூகாஸ் 1975 இல் நிறுவிய தந்திரக் காட்சிக் கூடத்தின் வரலாற்றை, லோரன்ஸ் காஸ்டன் 2022 இல் 6 பகுதிகளாலான ஆவணத் தொடராக்கினார். மாதிரி உரு செய்தோரும் கமரா இயக்கியோரும் தம் வாயாலேயே அதிற் பேசுகின்றனர். நம்மவரிடையே அவ்வாறு பேசவைப்பதற்குக் காலம் தாழ்ந்துவிட்டது. பார்ட்லி 1993 இல் மறைந்தார். நடராஜ முதலியார் எடுத்த தென்னகத்தின் முதற் படமாகிய 'கீசக வத'மும், 1931 இல் வந்த 'காளிதா'சும் இன்று இல்லை.

இவ்விழப்பு வத்தளை வாசகருக்குப் புதிதன்று. தமிழ்ப் படங்களை இத்தீவுக்கு வரவழைத்த சினிமாஸ் நிறுவனத்தின் அதிபர் கே. குணரத்தினம், நம் அயலிலுள்ள ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோவை நடத்தினார். போர்த்துக்கேயர் காலத்தைப் பொருளாகக் கொண்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1960 இல் நெறிப்படுத்திய 'சந்தேசய' அவர் தயாரித்த படமே. 1983 யூலையில் அந்த ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. 1989 இல் குணரத்தினமும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அக்கூடத்தில் விளக்குப் பிடித்தோர், திரைச்சீலை தீட்டியோர், தச்சுவேலை செய்தோர் ஆகியோரின் மக்களும் பேரரும் வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருத்தல் கூடும். வீட்டுப் பெட்டியில் ஒரு நிழற்படமோ, சம்பளச் சீட்டோ, காட்சி வரைபடமோ கிடப்பின், பழைய மாணவர்கள் அதனைப் பிரதி செய்து நூலகத்துக்கு அளிப்பாராக; பெரியோர் எவரேனும் அங்குப் பணிசெய்திருப்பின் அவர் சொல்வதை இப்போதே எழுதிக்கொள்வாராக.